பெட்டி மாறிய விண்ணப்பங்கள்

கிறிஸ்துராஜுக்கு எதிர்வீட்டுக்காரன்மேல் வந்த பொறாமைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் காரணம். அதைச் சொன்னது வேறு யாருமில்லை, அவர் பெண்டாட்டி ஞானகுமாரி.

எண்பத்தேழாம் வருஷம், மழைக்காலம். ஆவடி குவார்ட்டர்ஸில், முதல் மாடியில் இருந்த அவர்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டு புகைய ஆரம்பித்தது. கிறிஸ்துராஜ் அதன் முன்னால் நின்று ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். அதற்குள் எதிர்வீட்டுக் கோவிந்தராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, மெயினை இறக்கி, பத்து நிமிஷத்தில் சரி பண்ணிவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டான். கதவைச் சாத்திக்கொண்டே ஞானகுமாரி சொன்னாள்:

"அந்த மனுஷன் வந்தா வேலை நடக்குது."

சொன்னவள் சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள். கேட்டவருக்குத்தான் அன்றைக்குக் குழம்பு இறங்கவில்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவரைப் பற்றி அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல மனுஷன் என்பாள், குடிக்க மாட்டார் என்பாள், பாட்டு நன்றாகப் பாடுவார் என்பாள். வேலை நடக்கும் என்று சொன்னதில்லை. சாவதற்குள் ஒரு தடவையாவது அதை அவள் வாயால், தன்னைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவருக்கு ஆசை பிடித்தது.

கிறிஸ்துராஜ் காட்டுப்பாக்கத்தில் பிறந்தவர். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்து, இரண்டு தடவையும் அதே இடத்தில் விட்டவர். ஆனால் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நிறுத்திவிட்டால் தலைமுடி அளவு பிசகாமல் இரும்பைச் சீவுவார். அந்தக் கையை நம்பித்தான் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். பிளாக்கில் புதன்கிழமை ஜெபக்கூட்டம் நடத்துவதும் அவர்தான். வாயைத் திறந்தால் மூன்று பிளாக்குக்குக் கேட்கும். உருக்கமாக ஜெபித்தால் எதிரே இருப்பவருக்கு அழுகை வந்துவிடும், சில சமயம் அவருக்கே வந்துவிடும்.

கோவிந்தராஜ் ஈரோட்டுப் பக்கத்து ஆள். நான்கு வயது இளையவன். சாமி கிடையாது என்பவன். பேரில் மட்டும் ஒரு முழுச் சாமியை வைத்திருந்தான். "இன்னா நைனா, பேர மாத்திக்கக் கூடாதா?" என்று யாராவது சீண்டினால், "அதுக்கு கெஜட்டுல போடோணுமுங்க, லீவு கிடைக்கறதில்லீங்க" என்பான். அவன் பெண்டாட்டி புஷ்பா செவ்வாய்க்கிழமைதோறும் மாங்காட்டுக் கோயிலுக்குப் போவாள். கூடவே போய் வெளியே செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் செருப்பை மட்டுமில்லை, நம்பிக்கையாக விட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லார் செருப்பையும். கடவுளை நம்பாதவனிடம் பக்தர்கள் செருப்பை நம்பி விட்டார்கள். கிறிஸ்துராஜுக்கு இந்தச் செய்தி கிடைத்தபோது, அந்தச் செருப்புகள்மேல்கூட லேசாக வயிறு எரிந்தது.

எண்பத்தெட்டில் பெட்டிக் கதை ஆரம்பித்தது.

கிறிஸ்துராஜ் ஒரு பிஸ்கட் டின்னில் வாய் வெட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்துத் தன் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார். ஜெபத்தில் வேண்டிக்கொள்ளச் சொல்லி ஜனங்கள் எழுதிப் போடும் சீட்டுக்கு. சபைப் பழக்கத்தில் அதற்கு விண்ணப்பம் என்று பேர். பெட்டிமேல் வெள்ளையில் எழுதினார்: விண்ணப்பங்களை இங்கே போடவும்.

இரண்டே மாதத்தில் குடியிருப்போர் சங்கத்துக்குக் கோவிந்தராஜைச் செயலாளர் ஆக்கினார்கள். குழாய், விளக்கு, சாக்கடை என்று குறை எழுதிப் போட அவனும் ஒரு பெட்டி மாட்டினான். அதே கேன்டீனில் வாங்கிய அதே பிஸ்கட் டின். கதவுகளுக்கு அடித்து மிஞ்சிய அதே பச்சை. ஆபீஸ் பழக்கத்தில் அதற்கும் விண்ணப்பம் என்றுதான் பேர். அவனும் எழுதினான்: விண்ணப்பங்களை இங்கே போடவும்.

இரண்டு பெட்டிக்கும் நடுவில் நாலடி மாடிப்படி வழி. கர்த்தருக்குப் போவது எது, கக்கூஸ் அடைப்புக்குப் போவது எது என்று கண்டுபிடிக்க, பெட்டியிடமே கேட்டால்தான் உண்டு.

மேல்மாடியில் ஜெயகுமாரி டீச்சர் இருந்தாள். ரிட்டயர் ஆகி மகன் வீட்டோடு வந்தவள். அவள் தட்டுத்தடுமாறி இறங்கி வந்து ஒரு சீட்டைப் போட்டாள். "வேதம் வாசிக்க முடியவில்லை. எல்லாம் இருட்டாக இருக்கிறது. வெளிச்சம் தர வேண்டும்." விழுந்தது கோவிந்தராஜ் பெட்டியில். அவன் வரவுப் பதிவேட்டில் "பல்பு" என்று குறித்துக்கொண்டு, அவள் அறையில் நூறு வாட் பல்பு ஒன்றை மாட்டினான்.

"இப்ப தெரியுதுங்களா டீச்சர்?"

"சூடாத்தான் இருக்கு தம்பி. தெரியல."

அவன் சுவரில் தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரைக் காட்டி, "இது என்னங்க?" என்றான். "ஆட்டுக்குட்டியோட மேய்ப்பர் படம்தானே?" என்றாள் டீச்சர். அது மயிலோடு நின்ற முருகன். கோவிந்தராஜ் பல்பைக் கழற்றிக்கொண்டு போனான். தன் வார விடுமுறையில் அவளை எழும்பூருக்குக் கூட்டிப்போய்க் கண்புரையைக் காட்டி, ஆபரேஷனுக்கு நாள் வாங்கி, அதற்கும் கூட இருந்து, கண்ணாடியும் மாட்டிவைத்துக் கொண்டுவந்து விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சபையில் சாட்சி சொல்ல எழுந்தாள். "கிறிஸ்துராஜ் பெட்டியில விண்ணப்பம் போட்டேன். மொதல்ல பல்பு வந்துச்சு. அப்புறம் கண்ணு வந்துச்சு. நம்ம கிறிஸ்துராஜ் முழங்கால்ல நின்னதுல, ஆண்டவர் அந்த நாஸ்திகனையே எழுப்பி அனுப்பியிருக்காரு!"

சபை முழுக்க "ஸ்தோத்திரம்!" என்றது. போதகர் இறங்கி வந்து கிறிஸ்துராஜின் கையைக் குலுக்கினார். கிறிஸ்துராஜ் முழங்கால் போடவே இல்லை. அந்தச் சீட்டை அவர் பார்த்ததே இல்லை. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் கை தட்ட, ஞானகுமாரி மட்டும் புடவைத் தலைப்பில் இல்லாத நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். செய்யாத வேலைக்கு வந்த மாலை கழுத்தில் அரித்தது.

சீட்டு எப்படித் தவறியது என்பது பஞ்சவர்ணத்தால் தெரிந்தது. பஞ்சவர்ணம் மூன்றாம் மாடி. ஆடி மாதம் தவறாமல் கூழ் ஊற்றுகிறவள். அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு கிறிஸ்துராஜ் பெட்டியில் இருந்தது. "மூணு நாளாய்த் தாகம். எப்போது வரும் என்று ஏங்கிக் கிடக்கிறோம்."

கிறிஸ்துராஜுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மாரியாத்தா பக்தை ஒருத்தியின் ஆத்துமா தாகமாய் இருக்கிறது, அதுவும் தன் பெட்டியைத் தேடி வந்திருக்கிறது! புதன்கிழமைக் கூட்டத்தில் அதைக் கண்ணீரோடு வாசித்தார். பத்துப் பேர் முக்கால் மணி நேரம் முழங்காலில் நின்றார்கள். மறுநாள் காலையில் மாடிப்படியில் பஞ்சவர்ணம் காலிக் குடத்தோடு எதிரே வந்தாள்.

"இன்னா சார், சீட்டு போட்டேனே, பாத்தியா?"

"பாத்தேம்மா. நேத்து பத்து பேரு முட்டி போட்டோம்."

"முட்டி போட்டுப் பாத்தியா? அப்ப அடைப்பு அடிலயா கீது?"

"அடைப்பு நம்ம உள்ளத்துல கீதும்மா. நம்பிக்கையோட இரு. ஜீவ தண்ணி வரும்."

"ஜீவ தண்ணியோ லாரித் தண்ணியோ, சாயங்காலத்துக்குள்ள ரெண்டு கொடம் வந்தா போதும் சார்." சொல்லிக்கொண்டே அவர் கதவைப் பார்த்தவள், வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐய! இது உன் பொட்டியா? நான் அந்த அண்ணாத்தே பொட்டின்னுல்ல போட்டேன்!"

அவள் சிரிப்பு மூன்று மாடி ஏறிப் போயிற்று. கிறிஸ்துராஜ் நெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த வருஷம் அது ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது. கேட்டால் வாயு என்பார்.

சாயங்காலம் கோவிந்தராஜ் டேங்கில் ஏறி வால்வைத் திறந்துவிட்டான். இறங்கி வந்து, "என் பெட்டிப் பேர மாத்தி எழுதிடறனுங்கண்ணா. குறைப் பெட்டின்னு போட்டுக்கலாமுங்க" என்றான். கிறிஸ்துராஜ் வேண்டாம் என்றுவிட்டார். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. பேரை மாற்றிவிட்டால் ஜனங்கள் தெரிந்தே எந்தப் பெட்டியில் போடுவார்கள் என்று யோசித்துப் பார்த்திருந்தார். தன் பெட்டியில் சிலந்தி கூடு கட்டுவதுவரை அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் மனசு ஆறவில்லை. அந்த வாரமே அடிபம்பில் வைத்து அவனை மடக்கினார். பஞ்சவர்ணமும் குடத்தோடு வரிசையில் நின்றாள்.

"ஒண்ணு கேக்குறேன் நைனா. இல்ல இல்லன்றியே, அந்த இல்லன்றதுல இன்னா கீது? எங்களுக்குப் பரலோகம் கீது. பாவ மன்னிப்பு கீது. பாட்டு கீது. டிசம்பர் வந்தா கேக்கு கீது. உனுக்கு இன்னா கீது? ஒண்ணு சொல்லு."

"சாருக்கு இன்னிக்கு கேக்கு நெனப்பு" என்றாள் பஞ்சவர்ணம்.

கோவிந்தராஜ் பம்பை அடிப்பதை நிறுத்தவில்லை. "பெருசா ஒண்ணுமில்லீங்கண்ணா."

"அதான் பாத்தேன்."

"ஒருத்தர் கஷ்டம்னு வந்து நின்னா, உங்களுக்கு ஜெபம் பண்றேன்னு சொல்ல ஒரு வார்த்தை இருக்குதுங்க. நல்ல வார்த்தைங்க அது. கேக்கறவங்களுக்கும் ஆறுதலு, சொல்றவங்களுக்கும் ஆறுதலு. எனக்கு அந்த வார்த்தை இல்லீங்களே. வந்தவங்க மூஞ்சியப் பாத்துட்டு எத்தன நேரம் சும்மா உக்காந்திருக்கறது? கூச்சமா இருக்குதுங்க. எந்திரிச்சுப் போக வேண்டியதாப் போயிருதுங்க." குடம் நிரம்பியது. எடுத்துப் பஞ்சவர்ணத்தின் இடுப்பில் வைத்தான். "அவ்வளவுதானுங்க இருக்கறது."

கிறிஸ்துராஜ் பதில் தயார் செய்து வைத்திருந்தார். அவன் திமிராக ஏதாவது பேசியிருந்தால் அதைச் சொல்லியிருக்கலாம். இந்தப் பேச்சுக்கு அந்தப் பதில் பொருந்தவில்லை. வெறும் குடத்தோடு வீட்டுக்கு வந்தார். தனக்கு இருப்பதைப் பார்த்து யாராவது பொறாமைப்பட்டால் அது நியாயம். இல்லாததை வைத்துக்கொண்டு ஒருவன் ஜெயிக்கிறானே, அவனை என்ன செய்வது? அவருடைய ஜெபம் பொய்யில்லை. முழங்காலில் மரத்துப்போன தோலே சாட்சி. ஆனாலும் ஜெபித்து முடித்து எழுந்ததும் மனசு லேசாகிவிடும், லேசானதும் பசிக்கும், சாப்பிட்டதும் தூக்கம் வரும். கஷ்டத்தைக் கொண்டுவந்தவர் வீட்டில் கஷ்டம் அப்படியே இருக்கும். இதை அவர் முன்னால் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

எரிச்சலில்தான் அந்தச் சின்னப் புத்தி வந்தது.

ஒரு நாள் அவருக்கு இரண்டாம் ஷிஃப்ட். காலை பத்து மணி. ஞானகுமாரி மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், எதிர்வீட்டில் பூட்டு. கிறிஸ்துராஜ் சைக்கிள் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பி ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்து, கோவிந்தராஜ் பெட்டிக்குள் விட்டார். தனக்கு வர வேண்டியவை அங்கே போகின்றன, எடுத்துக்கொண்டால் என்ன தப்பு என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டார். ஏரியில் தூண்டில் போடுகிறவர் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். முதல் சீட்டில், ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சுவரில் ஈரம். அதைத் திருப்பிப் போட்டார். இரண்டாவது சீட்டு நான்காக மடித்திருந்தது.

பிரிப்பதற்கு முன்பே கையெழுத்து தெரிந்துவிட்டது. மளிகை லிஸ்ட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து.

"தம்பி, இவர் மாடி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், ஜெபம் பண்ணியிருக்கிறேன் என்கிறார். நானும்தான் பண்ணியிருக்கிறேன். பயம் போகவில்லை. நான் கூப்பிட்டால் வரமாட்டார். நீங்கள் கூப்பிட்டால், உங்களுக்குச் சளைத்தவர் இல்லை என்று காட்டவாவது வருவார். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். ஞானகுமாரி."

கிறிஸ்துராஜ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஊரில் எல்லாருக்கும் பெட்டி மாறலாம். இவளுக்கு மாறாது. இரண்டு பெட்டியையும் தினமும் தூசி தட்டுகிறவள் இவள். தெரிந்தே அங்கே போட்டிருக்கிறாள். சீட்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. கோவிந்தராஜ் வரமாட்டான். அவன் வந்ததால் வேலை நடந்தது என்று இந்த ஒரு விஷயத்திலாவது பேர் வராது. கிறிஸ்துராஜ் கசக்கினார். பையில் போட்டார். எழுந்து கால் போன போக்கில் இரண்டு படி மேலே ஏறினார். நெஞ்சில் அந்தப் பிடி வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பயம் போகவில்லை என்ற இடத்தில் பேனா அழுந்தி மை பரவியிருந்தது கண்ணுக்குள் வந்தது.

இறங்கி வந்தார். சீட்டைத் தொடைமேல் வைத்துச் சுருக்கம் போகத் தேய்த்தார். பழையபடி நான்காக மடித்து, கோவிந்தராஜ் பெட்டியில் போட்டார். பிஸ்கட் டின்னில் காகிதம் விழும் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலையில் அவர் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு கிடந்தது. "எனக்கு இரண்டு நாளாக நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. துணைக்கு ஓர் ஆள் வேண்டும். ஜெபம் வேண்டாம். இப்படிக்கு, எதிர்வீடு."

கிறிஸ்துராஜ் அதை இரண்டு தடவை படித்தார். திருட்டுப் பயல், பொய்கூட எவ்வளவு ஒழுங்காகச் சொல்கிறான் பார் என்று முதலில் அதற்குப் பொறாமைப்பட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்க்கதவைத் தட்டினார்.

"நெஞ்சு வலியாமே. வா, போலாம்."

"சங்கடம் குடுக்கறனுங்களா அண்ணா?"

"பேசாத. நோயாளி பேசக் கூடாது. குந்து."

சைக்கிளைக் கிறிஸ்துராஜ்தான் மிதிக்க வேண்டியிருந்தது. வேறு வழி? நோயாளியை மிதிக்க விட்டால் பொய் உடைந்துவிடும். நல்ல நெஞ்சுக்காரன் பின்னால் உட்கார்ந்திருக்க, நெஞ்சு வலிக்காரர் முன்னால் மிதித்தார். அடுத்த திருப்பத்தைத் தாண்டுவதற்குள் வேர்த்துவிட்டது. கோவிந்தராஜ் பின்னாலிருந்து குதித்தான்.

"நடந்தே போயிரலாமுங்கண்ணா. உக்காந்தா எனக்கு மூச்சு வாங்குதுங்க."

"உக்காந்தா மூச்சு வாங்குற சீக்கு இன்னா சீக்குபா?"

"அதக் கேக்கத்தானுங்க போறோம்."

டாக்டர் கோவிந்தராஜின் நெஞ்சில் குழாயை வைத்தார், முதுகில் வைத்தார், அழுத்தம் பார்த்தார். நூற்றிருபதுக்கு எண்பது. "உனக்கு ஒண்ணுமில்லையேய்யா" என்றார். "அப்படீங்களா" என்று கோவிந்தராஜ் கொஞ்சம் ஏமாந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "அண்ணனும் கூடவே வந்துட்டாரு. சும்மா அவருக்கும் ஒண்ணு பாத்துருங்க."

கிறிஸ்துராஜுக்கு நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. டாக்டர் இரண்டாம் தடவை பார்த்தார். மூன்றாம் தடவை பார்க்கும்போது நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தால் கை கால் இழுத்திருக்கும் என்றார். மாத்திரை, உப்பில்லாத சோறு, ஒரு வாரம் ஓய்வு.

திரும்பி வரும்போது சைக்கிளைக் கோவிந்தராஜ் தள்ளிக்கொண்டு வந்தான். கிறிஸ்துராஜ் பக்கத்தில் நடந்தார்.

"ஞாயித்துக்கெயம சாட்சி சொல்லப் போறேன்" என்றார் கிறிஸ்துராஜ். "டீச்சர் சீட்டு என் பொட்டில விழவேயில்லன்னு."

"வேண்டாமுங்கண்ணா. அப்பறம் சபையே வந்து எங்கிட்ட பல்பு கேக்கும்."

"இல்லபா. சொல்லணும். கழுத்துல அரிக்குது."

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றார்கள். கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது. கோவிந்தராஜ் அதைப் பார்த்தபடியே சொன்னான்: "உங்களப் பாத்தா எனக்கு ஒண்ணு தோணுமுங்க. சொன்னாச் சிரிப்பீங்க. புஷ்பாவுக்குப் போன வருஷம் கரு கலைஞ்சுச்சுங்க. என்னால செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சுங்க. ஸ்க்ரூ டிரைவரக் கையில வெச்சுட்டு ஊட்டுக்குள்ள அங்கயும் இங்கயும் நடந்தனுங்க. நீங்க புதன்கிழமை பாடுனது சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சுங்க. எறக்கி வெக்க ஒரு எடம் இருக்குதே இவருக்குன்னு அன்னைக்கு..." அவன் சைக்கிள் மணியைத் துணியால் துடைத்தான். "பொறாமையா இருந்துச்சுங்க."

கிறிஸ்துராஜ் சிரிக்கவில்லை. நாலடி தள்ளி ஒரு வீட்டில் நடந்தது, பெட்டியில் சீட்டு விழாததால் அவருக்குத் தெரியாமலே போயிருந்தது. வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்துக்கு அடியில், உண்மையைச் சொன்னால், வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருவன் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். அதுவும் இவன்!

"உனுக்கு ஜெபம் பண்றேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "சாயங்காலம் புஷ்பாவையும் கூட்டிக்கினு சாப்புட வா. உப்பு இருக்காது."

"வர்றனுங்க."

குவார்ட்டர்ஸ் வாசலிலேயே ஞானகுமாரி நின்றிருந்தாள். வீட்டில் நிற்கக் கால் பாவவில்லை போலிருக்கிறது. கிறிஸ்துராஜ் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த மாத்திரை அட்டையில்தான் முதலில் அவள் கண் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. பஞ்சவர்ணம் குடத்தோடு வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, ரெண்டு பேரும் எங்க போய்க்கினு வராங்க?"

"அந்தத் தம்பிக்கு நெஞ்சு வலியாம். இவருதான் கூட்டிக்கினு போய்க் காட்டிட்டு வந்தாரு." ஞானகுமாரி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இவர் போனா வேலை நடக்கும்."

கிறிஸ்துராஜ் அப்படியே நின்றார். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்த அவனுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? இரண்டு வருஷமாகக் கேட்க ஏங்கிய வார்த்தை, கேட்டபடியே, ஓர் எழுத்து குறையாமல் வந்திருக்கிறது. அவர் ஓரக்கண்ணால் எதிர்வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்தார். துளியாவது பொறாமை தெரிகிறதா என்று.

தெரியவில்லை. "ஆமாங்கக்கா, நடந்துச்சுங்க" என்றான் அவன், சைக்கிளைப் பூட்டிக்கொண்டே.

நூற்றிருபதுக்கு எண்பது! படி ஏறும்போது கிறிஸ்துராஜுக்கு அந்த எண் ஞாபகம் வந்து மறுபடி வயிறு எரிந்தது. ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு விட்டு, மெதுவாகவே ஏறினார். பின்னால் ஞானகுமாரி வந்துகொண்டிருந்தாள்.